இருட்டில் இரண்டு தட்டு

அநியாயம் நடந்தது ஏழுமலைக்கு. செத்துப்போன இடத்தில் அந்த ஆள் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் விடுதிக்குப் பின்னால் மலக்குழிக்குள் இறங்கியவரை மதில் சுவருக்கு வெளியே சாலையோரம் கிடந்தவராக்கி, குடித்துவிட்டு விழுந்தவராக்கி, அப்படி யாரும் அன்றைக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் வரவே இல்லை என்று அறிக்கையும் விட்டாயிற்று. விடுதிப் பக்கத்துக் கண்காணிப்புக் கேமரா அன்றைக்கு மட்டும் பழுதாம். சாக விட்டது ஒரு குற்றம், சரி, அதையாவது கவனக்குறைவு என்று சொல்லி மழுப்பலாம், ஆனால் செத்தவரைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் போடுவதை நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துத்தானே செய்திருக்க முடியும், அப்படியென்றால் இரண்டில் எது பெரிய குற்றம், சொல்லுங்கள் என்று மணிமொழி அந்த இருட்டிலும் யாரோ எதிரே உட்கார்ந்திருப்பதுபோல வாதாடிக்கொண்டிருந்தாள். எதிரே குளியலறைச் சுவர்தான் இருந்தது, அதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெண்டிலேட்டரில் கறுப்பு அட்டையை ஒட்டி அதன்மேல் கம்பளியை ஆணி வைத்து அறைந்து, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து, வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, உள்ளே பொட்டு வெளிச்சம் இல்லாமல் செய்திருந்தாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். குந்தி உட்கார்ந்ததில் முழங்கால் மரத்திருந்தது. இடது கை ஒரு டப்பாத் தண்ணீருக்குள் இருந்தது, கைக்கடியில் அஞ்சலட்டை அளவில் ஒரே ஒரு ஃபிலிம் ஊறிக்கொண்டிருந்தது, அதில் ஏழுமலை நிற்கிறார். திறந்த குழிக்குப் பக்கத்தில், இடுப்பில் கயிற்றோடு, பின்னால் விடுதிச் சுவர் முழுசாகத் தெரிய நிற்கிறார். அவர் உள்ளேதான் இருந்தார் என்று சொல்வதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி அந்த ஃபிலிம், அது இன்னும் வாயைத் திறக்கவில்லை. படத்தை வரவழைக்கிற டெவலப்பர் கரைசலில் போட்டால் திறக்கும்.

டெவலப்பர் தட்டுக்காகத்தான் வலது கையை நீட்டினாள். விரல் ஒரு விளிம்பில் பட்டது, அது சரி, ஆனால் அதே விரல் அசையாமலே இன்னொரு விளிம்பிலும் பட்டது. இரண்டு தட்டும் ஒட்டிக்கொண்டு இருந்தன. அவள் அப்படி வைக்கவில்லை. சுவரோரம் டெவலப்பர், கதவோரம் வந்த படத்தை நிலைநிறுத்துகிற ஃபிக்ஸர், ஒன்றிலிருந்து ஒரு சொட்டு மற்றதில் விழக்கூடாது என்று நடுவில் ஒரு சாண் விட்டு, கையால் அளந்து வைத்தாள், அளந்தது இந்தக் கைதான், இந்தக் கைக்குத் தெரியும். கம்பளி எடுக்க மொட்டைமாடிக்குப் போனபோது யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். திரும்பி வந்து, கம்பளியை அறைகிற அவசரத்தில் அண்ணாந்தே நின்றவள் தரையை ஒருமுறை குனிந்து பார்க்கவில்லை, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். யாரோ என்ன யாரோ, அம்மா சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறாள், வீட்டில் இருப்பது அப்பா ஒருத்தர்தான். நகர்த்தியிருக்கிறார். நகர்த்தினது மட்டுமா, இடத்தையே மாற்றிவிட்டாரா? கால் கழுவ வந்து வாளியை இழுக்க வழியில்லாமல் இரண்டையும் ஓரமாக ஒதுக்கியிருந்தால் சுவரோரம் இருப்பது இன்னமும் டெவலப்பர்தான். தூக்கி வெளியே வைத்துவிட்டு மறுபடி கொண்டுவந்து வைத்திருந்தால் எது எங்கே இருக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும், அவருக்கும் இந்த இருட்டில் தெரியாது. கடையில் ஒன்று நீலம், ஒன்று சிவப்பு என்று பொறுக்கி வாங்கி, நீலம் டெவலப்பருக்கு, சிவப்பு ஃபிக்ஸருக்கு, இனிமேல் குழப்பமே வராது என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டவள் அவள். இருட்டில் செய்யப்போகிற வேலைக்கு வண்ணத்தால் அடையாளம் வைத்த முதுகலை மாணவி! இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம், ஒரே வழவழப்பான விளிம்பு. முதலில் ஃபிக்ஸரில் விழுந்தால் அவ்வளவுதான், படம் தோன்றுவதற்கு முன்பே கரைந்து போகும், கையில் மிஞ்சுவது ஒரு வெறும் கண்ணாடித் தாள், அதில் சுவரும் இருக்காது, குழியும் இருக்காது, ஏழுமலையும் இருக்க மாட்டார், அறிக்கையில் சொன்னது அப்படியே உண்மையாகிவிடும்.

அன்றைக்குக் காலையில் அவள் போனது சுவரைப் படமெடுக்கத்தான். காட்சித் தொடர்பியல் துறையில் பழைய பெட்டிக் கேமரா ஒன்று இருக்கிறது, முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பது, கட்டடத்தின் கோடுகள் சாயாமல் நேராக வர வேண்டும் என்பது அந்த வாரப் பயிற்சி. ஏழுமலை ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார், மூடி திறந்திருந்தது, மேஸ்திரி வெள்ளைச் சட்டையோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் நடுவுல நிக்கிறனா, ஓரம் போவட்டா என்று அவர் கேட்டார். அங்கேயே நில்லுங்கண்ணே, சுவர் எவ்வளவு உயரம்னு தெரியட்டும் என்று இவள் சொன்னாள். ஒரு மனிதரை அளவுகோலாக நிற்கச் சொல்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை. அவர் தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு, “ஆதார் கார்டுல இருக்கிற மாதிரி எடுத்துடாத தாயி. அதப் பாத்துட்டு எம் பொண்டாட்டியே இது யாருன்னு கேட்டா” என்றார். சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்து, அசையாதீங்க என்று துணிக்குள் போனாள். அந்தக் கேமராவின் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் விழும். புல்தரை மேலே, வானம் கீழே. மேலே கறுப்பாகக் குழியின் வாய், அதிலிருந்து தொங்குகிறவர்போல ஏழுமலை, கால் மேலும் தலை கீழுமாக, முகத்தில் இன்னும் மிச்சமிருந்த சிரிப்போடு. பழகிய கண் அதைத் தானாகத் திருப்பிப் போட்டுக்கொள்ளும், அன்றைக்கும் போட்டுக்கொண்டது, இப்போதுதான் திரும்ப மறுக்கிறது, இந்த இருட்டில் எப்படிப் பார்த்தாலும் அவர் தலைகீழாகவே இறங்கிக்கொண்டிருக்கிறார். செல்போனில் ஒரு படம் தட்டியிருந்தால் போதும், பை பக்கத்திலேயே கிடந்தது. அந்தத் துணிக்குள் தலையை விட்டவளுக்கு வெளியே இன்னொரு கேமரா இருப்பதே மறந்துபோகும். ஒரு ஃபிலிம்தான் கொடுத்திருந்தார்கள், எடுத்தாள், நன்றிண்ணே என்றாள், போனாள். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கூட்டம். பச்சையம்மா, அவருடைய மனைவி, தார்ச்சாலையில் உட்கார்ந்து ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள், எங்க வூட்டுக்காரரு உள்ள போவலன்னா அந்த ஒடம்புல அடிக்கிற நாத்தம் எந்த ஊரு நாத்தம்யா என்று. செக்யூரிட்டிகள் எல்லாம் ஆளுக்கு ஒரு திசையில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுநாள் துறையின் இருட்டறைக்குப் பூட்டு, பராமரிப்பு வேலை என்று ஒரு காகிதம். அதற்கடுத்த நாள் நடைபாதையில் உதவிப் பதிவாளர் தணிகாசலம் எதிரே வந்து, அந்தக் கேமராவுல ஃபிலிம் இருந்துச்சா பாப்பா, சும்மா பழகுனியா என்று சிரித்தபடி கேட்டார். சும்மாதான் சார் என்றாள். தோழிகளின் விடுதிச் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடத் துணைவேந்தர் வரைக்கும் போய்ச் சண்டை போடுகிறவள், சும்மாதான் சார் என்றாள்.

பினாயில். இதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை? ஃபிக்ஸருக்கு ஒரு புளித்த நெடி உண்டு, காடியைத் திறந்ததுபோல, குனிந்து மோந்தால் எது எது என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம், ஆனால் குனிந்தால் மூக்கில் ஏறுவது பினாயில்தான், மூச்சு முட்டுகிற பினாயில், தரை முழுக்க, சுவரில் முழங்கால் உயரம் வரைக்கும். அப்பா ஞாயிற்றுக்கிழமைதான் குளியலறை கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். இன்றைக்குச் சனிக்கிழமை. சரி, அம்மா ஊரில் இல்லை, அதனால் ஒரு நாள் முன்னாலேயே கழுவினார் என்று ஒரு கட்சி சொன்னது. அம்மா ஊரில் இல்லாததற்கும் பினாயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று மறு கட்சி கேட்டது. முந்தாநாள் சாப்பிடும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னவள் அவள்தான். ஏழுமலை நின்றது, சிரித்தது, ஃபிலிம் தன் பீரோவில் இருப்பது. அவர் சோற்றைப் பிசைந்தபடியே, இதுக்கெல்லாம் கோர்ட்டு கேஸுன்னு அலையிறவங்க நாம இல்ல மணி என்றார். நாம என்றால் யார்ப்பா, பதிவாளர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருப்பதால் நீங்கள் அந்த நாமிலே சேர்த்தியா, இல்லை கயிறு கட்டி இறங்குகிற ஏழுமலை இந்த நாமிலே சேர்த்தி இல்லையா என்று பிடித்துக்கொண்டாள், அவர் பதில் சொல்லாமல் மோர் ஊற்றிக்கொண்டார். பதில் சொல்லாதவரை ஜெயித்ததாக அவளுக்கு எப்போதும் ஒரு நினைப்பு. கொஞ்ச நேரம் கழித்து, அத வீட்டுல எப்படிக் கழுவுவ என்று மெதுவாகக் கேட்டார். அவளுக்கு ஒரே சந்தோஷம். ரசக் கிண்ணத்தை இந்தப் பக்கமும் பொரியல் கிண்ணத்தை அந்தப் பக்கமும் நகர்த்தி வைத்து, முதலில் இதில், பிறகு அதில், இரண்டும் மாறிப்போனால் எல்லாமே போச்சு, பிரம்மாவே வந்தாலும் படம் வராது என்று அப்பளத்தை ஃபிலிமாகப் பிடித்துக்கொண்டு நடத்திக் காட்டினாள். அவர் கூர்ந்து பார்த்தார். என்னைக்குக் கழுவப் போற என்றும் கேட்டார். சனிக்கிழமை மத்தியானம் என்று சொன்னாள்.

அழைப்பு மணி அடித்தது. அவள் கை தண்ணீருக்குள்ளேயே துள்ளியது, ஃபிலிம் விரலைவிட்டு நழுவி டப்பாவின் அடியில் போய்ப் படிந்தது, பதறித் தேடி விளிம்பைப் பிடித்தாள். மூலையில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது வலது கை மேல்மூலையில் தட்டுப்பட்டால் படம் பதிகிற மருந்துப்பக்கம் தன்னைப் பார்த்திருக்கிறது என்று அர்த்தம். தட்டுப்பட்டது. அதாவது ஒன்று சரியாக இருந்தது. வெளியே நாற்காலி இழுபடுகிற சத்தம், தண்ணி குடிங்க சார் என்று அப்பா, பதிலுக்கு வந்த குரல் யாருடையது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இரண்டாவது வார்த்தை தேவைப்படவில்லை. தணிகாசலம் நிதானமாகப் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசினார், குடியிருப்பில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார், உங்களுக்கு ரிடையர்மெண்ட் வர்ற சித்திரைதான கோதண்டம், இத்தனை வருஷம் ஒரு கறை இல்லாம இருந்துட்டீங்க, அப்படியே போயிடணும் பாருங்க என்றார். அப்பா ஆமா சார் என்றார். சனிக்கிழமை மத்தியானம் என்று இவருக்கு யார் சொன்னது? அவளுடைய தோழிகளுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தவர்கள் கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், மூன்றாவது ஆள் உலகத்திலேயே கிடையாது. இல்லை, தற்செயலாகவும் வந்திருக்கலாம். சனிக்கிழமை மத்தியானம் வெயிலில், மாடி ஏறி, தற்செயலாக! அவளே அந்த வாதத்தைக் கேட்டுச் சிரித்திருப்பாள், வேறு யாராவது சொல்லியிருந்தால். பொண்ணு எங்க என்று அவர் கேட்டார், உள்ள இருக்கு சார் என்றார் அப்பா, காலடிகள் கூடத்தைவிட்டு நடைக்கு வந்தன, கதவுக்கு நேரே வந்து நின்றன. அப்போதுதான் அவளுக்குச் சுவிட்சு நினைவு வந்தது. குளியலறை விளக்குக்குச் சுவிட்சு வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில். தாழ்ப்பாளைப் போட்டு, ஓட்டைகளை அடைத்து, கதவிடுக்குக்குப் புடவை திணித்து இத்தனை செய்தவள் அந்தக் குழல்விளக்கைக் கழற்றி வைத்திருக்கலாம், தோன்றவில்லை, இப்போது எட்டாத உயரத்தில் அது அவள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. “என்ன கோதண்டம், பாப்பா இருட்டுலயா குளிக்குது? லைட்டப் போட்டுவுட வேண்டியதுதான” என்றார் தணிகாசலம், சிரிப்போடு. டிக் என்று ஒரு சத்தம். அவள் டப்பாவின்மேல் கவிழ்ந்து விழுந்தாள், நெற்றி தண்ணீரில் முங்க, இரண்டு கையாலும் மாராலும் அதை மூடிக்கொண்டாள், இமைகளை இறுக்கிக்கொண்டால் ஃபிலிமுக்கும் தெரியாமல் போய்விடும் என்பதுபோல. மேலே ஏதோ உறுமத் தொடங்கியது. வெந்நீர் ஹீட்டர். அதன் சின்னச் சிவப்பு விளக்கை அவள் காலையிலேயே பிளாஸ்திரி போட்டு மறைத்திருந்தாள். இருட்டு இருட்டாகவே இருந்தது. அது ஹீட்டர் சுவிட்சு சார் என்றார் அப்பா, டிக் என்று அதை நிறுத்தினார். பக்கத்தில் இருக்கிறதுதான் விளக்குக்கு என்று அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? காப்பாற்றினாரா, அல்லது அது தேவையே இல்லை, வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியுமா? தட்டு மாறியிருக்கிற வீட்டில் விளக்கு எதற்கு?

ஃபிலிம் இளகிக்கொண்டிருந்தது. இந்த வெயிலுக்குக் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, அதில் இவ்வளவு நேரம் ஊறினால் மருந்துப்பக்கம் பாலாடைபோலத் தளர்ந்துவிடும், நகம் பட்டால் ஏழுமலையின் முகத்தில் ஒரு கோடு. திரும்பக் கேமராவின் ஃபிலிம் உறையில் செருகினால் ஒட்டிக்கொண்டு தோலோடு உரியும், வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டி அவளுடைய மேஜைமேல், கதவுக்கு அந்தப் பக்கம். வலது கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள், அம்மா தலைக்குச் சாயம் பூசுகிற மெல்லிய உறை, வெறும் விரலைச் சுவரோரத் தட்டில் நனைத்தாள். டெவலப்பர் சோப்புத்தண்ணீர்போல வழுக்கும் என்று படித்திருக்கிறாள். வழுக்கியது. கதவோரத் தட்டில் நனைத்தாள். அதுவும் வழுக்கியது. வழுக்கும் என்று நினைத்தால் வழுக்கியது, வழுக்காது என்று நினைத்தால் வழுக்கவில்லை, பயந்துபோன விரல் எந்தக் கட்சிக்கு வேண்டுமானாலும் சாட்சி சொல்கிறது. நாக்கில் வைத்துப் பார்க்கலாம். இரண்டின் ருசியையும் அறியாத நாக்கு என்ன சொல்லும்? ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டுவிடலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆனால் ஏழுமலையைப் பூவா தலையா போட்டுப் பார்க்க இவள் யார்? ஏற்கெனவே அப்படிப் போட்டுப் பார்த்துத்தானே அவரை உள்ளே அனுப்பினார்கள், விஷவாயு இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று. வெளியே தணிகாசலத்தின் குரல் தணிந்தது, தணிந்த பிறகுதான் அது நன்றாகக் கேட்டது. அந்தப் பொம்பளைக்கு ஏதாவது செய்யத்தான் போறோம், நாங்க என்ன மிருகமா, ஆனா படம் கிடம்னு ஒண்ணு வெளிய வந்துச்சுன்னா அதுவும் நின்னுடும், உங்க பொண்ணு படிப்பும் இருக்கு, ஒரு நிமிஷம் கதவத் திறக்கச் சொல்லுங்க, முகத்தப் பாத்துப் பேசிட்டுப் போயிடறேன். அப்பா மூச்சுவிடுவது கேட்டது, கதவுக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றார்.

கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஒரே ஆள்தான் இருக்கிறார். ஆனால் கேட்டால் உள்ளே ஃபிலிம் இருக்கிறது, இன்னும் கழுவவில்லை, இந்த நிமிஷம் ஒரு சுவிட்சு தட்டினால் போதும் என்று தணிகாசலத்துக்குத் தானே எடுத்துக் கொடுத்ததாகும். போகட்டும், அவர் அதைத் தெரிந்துகொள்ளட்டும், அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அப்பா வேண்டுமென்றே மாற்றியிருந்தால் நகர்த்தவே இல்லை என்பார், அவள் நம்பிச் சுவரோரத் தட்டில் போடுவாள், தன் கையாலேயே போடுவாள், அதற்குப் பிறகு இந்த வீட்டில் சாப்பிட வேண்டும், அந்தக் கிண்ணங்களில் ரசம் ஊற்றிக்கொள்ள வேண்டும், அவரை அப்பா என்று கூப்பிட வேண்டும். வேண்டுமென்றே மாற்றவில்லை, சும்மா ஒதுக்கினார் என்றால் அப்போதும் நகர்த்தவே இல்லை என்றுதான் சொல்லக்கூடும், ஆபீசர் எதிரில் வம்பு எதற்கு என்று. இரண்டுக்கும் ஒரே பதில். பொய்யும் மெய்யும் ஒரே வார்த்தையில் வந்தால் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இருபத்திரண்டு வயது வரைக்கும் இந்த மனிதரோடு எத்தனை வாதம், சாதி என்று, வேலை என்று, நீங்கள் ஏன் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை என்று, ஒன்றிலாவது அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை அவள் வரவழைத்ததுண்டா? ஃபிலிமின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். அது சொட்டியது. இனித் தாமதிக்க முடியாது.

“அப்பா,” என்றாள். “இங்க இருந்த தட்டு ரெண்டையும் எடம் மாத்துனீங்களா?”

என்ன தட்டும்மா, உள்ளயே சாப்பாடா என்று தணிகாசலம் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஃபிலிமிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தரையில் விழுவதும், நடையில் செருப்பு ஒன்று இடம் மாறி நிற்பதும் கேட்டது, கையொன்று சுவரில் உரசி, சுவிட்சுப் பலகை இருக்கிற இடத்தில் போய் அப்பிக்கொண்டதும் கேட்டது, அது யாருடைய கை என்று தெரியவில்லை. கையை எடுங்க கோதண்டம் என்று தணிகாசலம் சொன்னபோதுதான் தெரிந்தது. கை எடுக்கப்படவில்லை.

“நீலத் தட்டு கதவுப் பக்கம் இருக்கு மணி,” என்றார் அப்பா. “படம் வரக்கூடாதுன்னு நான்தான் மாத்தி வெச்சேன். நீ அதுல போடு.”